ஐம்பத்தைந்தில் நின்றுபோன ஹோம் ரன்கள்

1985 அக்டோபர் 24 அன்று டோக்கியோவின் கொராகுவென் மைதானத்தில் ஹன்ஷின் டைகர்ஸ் தன் கடைசி லீக் ஆட்டத்தை ஆடியது. லீக் பட்டத்தை அவர்கள் ஒரு வாரத்துக்கு முன்பே வென்றுவிட்டார்கள். ஆகவே யார் ஜெயிப்பார் என்ற கவலை யாருக்கும் இல்லை. எல்லோருக்கும் தெரியவேண்டியது ஒன்றுதான்: அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலிருந்து வந்து டைகர்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்த ராண்டி பாஸ் இன்னும் ஒரு ஹோம் ரன் அடிப்பாரா? பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் தூக்கி அடித்தால் அது ஹோம் ரன். அதுவரை அவர் 54 அடித்திருந்தார். ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கான சாதனை 55.

பாஸ் அன்று ஐந்து முறை மட்டையோடு வந்து நின்றார். நான்கு முறை பந்துகள் எட்டாத தூரத்தில் போயின. அவர் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்தார். ஒரு முறை மட்டும் வெளியே போன பந்தை எட்டிப்பிடித்துத் தட்டினார். அதில் கிடைத்தது முதல் தளம்வரை மட்டும் போகிற ஒரு சாதாரண சிங்கிள். பருவம் முடிந்தது, எண்ணிக்கை 54-லேயே நின்றது.

அன்றைய எதிரணி யோமியுரி ஜயண்ட்ஸ். அதன் மேலாளர் சதஹாரு ஓ. 1964-இல் 55 அடித்த அதே சதஹாரு ஓ.

ஒரு பருவத்தின் ஹோம் ரன் பட்டியலில் அடித்தவர்களின் பெயர்தான் இருக்கும். அடிக்கவிடாதவர்கள் யார், பந்துக்குள் என்ன இருந்தது, அந்த ஆண்டு எத்தனை ஆட்டங்கள் என்பதெல்லாம் பட்டியலில் வராது. ஜப்பானில் 55 என்ற எண் 49 ஆண்டுகள் அசையாமல் நின்றதற்கு ஓவின் திறமை ஒரு காரணம். ஆனால் கடைசி சில ஆண்டுகளில் அந்த எண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தது அவருடைய மட்டை அல்ல, மற்றவர்களுடைய பந்துவீச்சு.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்கு இங்கே ஒரு விதியைச் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் பந்து எட்டாத தூரத்தில் போனால் வைட்; அணிக்கு ஒரு ரன் கிடைக்கும், பந்தைத் திரும்பவும் வீசியாக வேண்டும். பேட்ஸ்மேன் அங்கேயேதான் நிற்பார். பேஸ்பாலில் அப்படி இல்லை. மட்டையாளருக்கு முன்னால், முழங்காலிலிருந்து நெஞ்சுவரை, தரையில் பதித்த ஹோம் பிளேட் என்ற தட்டின் அகலத்துக்கு ஒரு கற்பனைப் பெட்டி உண்டு. அதற்கு வெளியே நான்கு பந்துகள் போய், அவரும் மட்டையை வீசாமல் விட்டால், முதல் தளம் அவருக்கு இலவசம். அதோடு அவர் முறை முடிந்துவிடும். இதற்கு வாக் என்று பெயர். வேண்டுமென்றே நான்கையும் வெளியே வீசுவது விதிமீறல் அல்ல. ஆட்டம் இறுக்கமாக இருக்கும்போது, அபாயமான ஒருவரைத் தவிர்த்துவிட்டு அடுத்து வருபவரை எதிர்கொள்வது மேலாளர்கள் தினமும் போடுகிற கணக்குதான்.

ஆகவே சட்டப்படி ஜயண்ட்ஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அன்றைய ஆட்டத்தில் காப்பாற்ற வேண்டிய வெற்றி எதுவும் அவர்களுக்கு இல்லை. இரண்டு நாள் முன்பு இதே இரு அணிகளும் மோதியபோது சுகுரு எகாவா பாஸை நேருக்கு நேர் எதிர்கொண்டு வீசியிருந்தார். 24-ஆம் தேதி அந்தத் துணிச்சல் யாரிடமும் இல்லை. அப்போது ஜயண்ட்ஸில் இருந்த அமெரிக்கப் பந்துவீச்சாளர் கீத் காம்ஸ்டாக் பிற்பாடு ஒரு விஷயத்தைச் சொன்னார்: பாஸுக்கு ஸ்ட்ரைக், அதாவது அந்தப் பெட்டிக்குள் போகிற பந்து, வீசினால் ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் அபராதம் என்று அணியின் பயிற்சியாளர் ஒருவர் எச்சரித்தாராம். தான் அப்படி எதுவும் உத்தரவிடவில்லை என்றார் ஓ.

சரி, அந்த 55 எப்படி வந்தது?

போருக்குப் பிந்தைய ஜப்பானில் ஹோம் ரன் என்பது மக்களுக்குக் கிடைத்த மலிவான கொண்டாட்டம். 1940-களின் கடைசியில் பந்து நன்றாக எகிறியது. 1949-இல் ஃபுமியோ ஃபுஜிமுரா 46 அடித்தார். அடுத்த ஆண்டு, ஒரே லீக் மத்திய லீக், பசிபிக் லீக் என்று இரண்டாகப் பிரிந்த 1950-இல், ஷோசிகு ராபின்ஸின் மகோதோ கொஸுரு 51-ஐத் தொட்டார். பிறகு பந்தின் துள்ளல் அடக்கப்பட்டது. 1951-இல் மத்திய லீகில் முதலிடம் பிடித்தவருக்கு 32, பசிபிக் லீகில் 26. ஒரே ஆண்டில் வீரர்கள் பலவீனமாகிவிடவில்லை, பந்துதான் மாறியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அறுபது ஆண்டுகள் கழித்து இதே கதை இன்னொரு தடவை நடக்கப்போகிறது.

கொஸுருவின் 51-ஐ 1963-இல் நங்காய் ஹாக்ஸின் கத்சுயா நொமுரா தாண்டினார். விக்கெட் கீப்பர் மாதிரி குனிந்து உட்கார்ந்து பந்து பிடிக்கிற கேட்சர் வேலையையும் செய்துகொண்டு, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் 52-ஆவதை அடித்தார். அந்த ஆண்டு பசிபிக் லீகில் ஒரு அணிக்கு 150 ஆட்டங்கள். பாவம், அவருடைய சாதனைக்கு ஆயுள் ஒரு வருடம்தான்.

1964-இல் சதஹாரு ஓவுக்கு வயது 24. இடதுகை மட்டையாளர். 1959-இல் ஜயண்ட்ஸில் சேர்ந்தபோது அவர் ஒன்றும் பெரிய ஆள் இல்லை. முதல் மூன்று ஆண்டுகளில் அடித்தவை 7, 17, 13. 1962-இல் பயிற்சியாளர் ஹிரோஷி அராகாவா அவர் நிற்கும் விதத்தையே மாற்றினார். பந்துவீச்சாளர் கை சுழலும்போது ஓ வலது காலை இடுப்புவரை மடக்கித் தூக்கிக்கொண்டு, இடது காலில் மட்டும் நின்று காத்திருப்பார். பார்க்க நாரை மாதிரி இருக்கும். அந்த நிலையில் அசையாமல் நிற்பதற்காக, தொங்கவிட்ட காகிதத்தை உண்மையான சாமுராய் வாளால் வெட்டிப் பழகினார். அந்த ஆண்டு 38 அடித்து முதன்முதலாக முதலிடம். அதிலிருந்து 1974 வரை பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மத்திய லீகின் ஹோம் ரன் பட்டம் அவரிடமே இருந்தது.

1964 மே 3 அன்று ஹன்ஷினுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். இரண்டு நாள் கழித்து ஹிரோஷிமா கார்ப் அணி அவருக்காகவே ஒரு வியூகம் அமைத்தது. ஓவின் பந்துகள் பெரும்பாலும் வலது பக்கம்தான் போகும் என்பதால், களத்தடுப்பாளர்களில் ஆறு பேரை அந்தப் பக்கமே நிறுத்தினார்கள். இடது பக்கம் கிட்டத்தட்ட காலி. அந்தக் காலி இடத்தில் தட்டிவிட்டு ஓடலாம் என்ற ஆசை யாருக்கும் வரும். ஓவுக்கு வரவில்லை. தலைக்கு மேலே அடித்தால் கீழே யார் எங்கே நின்றால் என்ன என்பது அவர் முடிவு. பருவம் 140 ஆட்டங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கை முன்னிட்டு எல்லாம் சீக்கிரமே தொடங்கிச் சீக்கிரமே முடிந்தது. கடைசியில் 55. அந்த ஆண்டு பசிபிக் லீகில் முதலிடம் பிடித்த நொமுராவுக்கு 41.

இங்கே ஒரு முரண். அந்த 55-ஐப் பிற்காலத்தில் ‘ஜப்பானியச் சாதனை’ என்று பொத்திப் பாதுகாத்தார்களே, அந்த ஓ ஜப்பானியக் குடிமகன் அல்ல. அப்பா சீனாவிலிருந்து வந்தவர், டோக்கியோவில் சீன உணவகம் நடத்தினார், அம்மா ஜப்பானியர். ஓ வைத்திருந்தது சீனக் குடியரசின், அதாவது தைவானின், குடியுரிமை. 1957 வசந்தத்தில் தன் பள்ளியான வசேதா ஜிட்சுக்யோவுக்காகப் பந்து வீசி தேசியப் பள்ளிப் போட்டியை வென்று கொடுத்தார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் நடந்த தேசிய விளையாட்டு விழாவில் அவரை ஆடவிடவில்லை. காரணம், வெளிநாட்டவர் என்பது. 1977-இல் அமெரிக்காவின் ஹாங்க் ஆரனின் 755-ஐத் தாண்டி அவர் 756-ஆவது ஹோம் ரன் அடித்ததும், ஜப்பான் அரசு மக்கள் கௌரவ விருது என்று புதிதாக ஒன்றை உருவாக்கி, முதல் விருதை அவருக்கே கொடுத்தது. இருபது ஆண்டுகளில் அந்நியன் தேசத்தின் சொத்தாகிவிட்டார். மொத்தம் 868 ஹோம் ரன்களோடு 1980-இல் ஓய்வு பெற்றார். ஜப்பானில் அதிகமாக வாக் கொடுத்து விலக்கப்பட்டவரும் அவர்தான்: வாழ்நாளில் 2,390 முறை. எட்டாத பந்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஓவுக்குத் தெரிந்த அளவு ஜப்பானில் யாருக்கும் தெரிந்திருக்காது.

பாஸுக்கு நடந்ததை இனவெறி என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழுதும் அதுதான் என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் அதற்கு முந்தைய ஆண்டே நடந்த ஒரு கூத்து இருக்கிறது.

1984 மத்திய லீகில் ஹன்ஷினின் மசயுகி ககெஃபுவும் சுனிச்சி டிராகன்ஸின் மசாரு ஊனோவும் ஆளுக்கு 37 ஹோம் ரன்களோடு சமநிலையில் இருந்தார்கள். மிச்சம் இருந்தவை இரண்டு ஆட்டங்கள், அதுவும் இவ்விரு அணிகளுக்குள்ளேயே. டிராகன்ஸ் ககெஃபுவை ஒவ்வொரு முறையும் வாக் கொடுத்து அனுப்பியது. டைகர்ஸ் ஊனோவை அதேபோல் அனுப்பியது. இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து ஆளுக்குப் பத்து முறை. காசு கொடுத்து வந்த கூட்டம், நாட்டின் இரண்டு பெரிய அடிப்பவர்கள் மாறி மாறி நடப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனது. பட்டம் இருவருக்கும் பங்காகப் போனது. இருவருமே ஜப்பானியர்கள்.

பருவத்தின் கடைசி வாரத்தில் சொந்த அணி வீரரின் பட்டத்தைக் காப்பாற்றுவது ஜப்பானிய அணிகளுக்குள் ஊறிப்போன வழக்கம். அணிக்கு வெல்ல எதுவும் மிச்சமில்லாதபோது, கூட ஆடுகிறவனுக்காவது ஏதாவது செய்து கொடுப்போம் என்ற எண்ணம். வெளியிலிருந்து பார்த்தால் அற்பத்தனம், உள்ளே இருப்பவர்களுக்கு அது விசுவாசம். பிரச்சினை என்னவென்றால், அந்த விசுவாசத்தின் வட்டத்துக்குள் வெளிநாட்டு வீரர்கள் சுலபமாக வருவதில்லை. 1965-இல் ஹன்க்யூ பிரேவ்ஸின் அமெரிக்க வீரர் டாரில் ஸ்பென்சர் நொமுராவோடு ஹோம் ரன் பட்டத்துக்குப் போட்டியிட்டபோது, எதிரணிகள் ஸ்பென்சருக்கு வரிசையாக வாக் கொடுத்தன. வெறுத்துப்போன அவர் ஒரு நாள் மட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு களத்தில் நின்றார். அப்போதும் வாக்தான் கொடுத்தார்கள்! பட்டம் நொமுராவுக்குப் போனது.

பழைய வழக்கமும், வெளியாள் என்ற கணக்கும், ஓவின் மீதிருந்த பக்தியும் ஒன்றாகச் சேர்ந்த இடம்தான் 55. மூன்றில் எதை எடுத்துவிட்டாலும் அந்தச் சாதனை முன்பே போயிருக்கும் என்பது என் ஊகம்.

2001-இல் ஒசாகா கிண்டெட்சு பஃபலோஸின் அமெரிக்க வீரர் டஃபி ரோட்ஸ் செப்டம்பர் 24 அன்று 55-ஆவதை அடித்தார். எதிரில் பந்து வீசியவர் செய்பு லயன்ஸின் தைசுகே மட்சுசாகா, அன்றைக்கு ஜப்பானின் மிகப் பிரபலமான இளம் பந்துவீச்சாளர். அவர் ஒதுங்கிப் போகவில்லை, வீசினார், அடி வாங்கினார். பஃபலோஸுக்கு இன்னும் ஐந்து ஆட்டங்கள் இருந்தன. அதில் ஒன்று செப்டம்பர் 30 அன்று ஃபுகுவோகா டையெய் ஹாக்ஸுக்கு எதிராக. ஹாக்ஸின் மேலாளர் யார் தெரியுமா? ஓ. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, வேறொரு அணியின் சட்டையில்.

ரோட்ஸுக்கு அடிக்கிற மாதிரி பந்து வரவில்லை. வெளியே போனவற்றைக்கூட அவர் துரத்தி அடிக்கப் பார்த்தார், பலனில்லை. இந்த முறை மறைக்கக்கூட யாரும் முயலவில்லை. ஹாக்ஸின் பயிற்சியாளர்களில் ஒருவரான யோஷிஹாரு வகானா, தான்தான் அப்படிச் சொன்னதாகவும், ஓவின் பெயர் சாதனைப் பட்டியலில் இருக்க வேண்டும் என்றும் பத்திரிகையாளர்களிடமே சொன்னார். ஓ தனக்கு இதில் பங்கில்லை என்றார். பேஸ்பால் ஆணையர் ஹிரோமோரி கவாஷிமா இது விளையாட்டின் நேர்மைக்கு ஒவ்வாதது என்று கண்டித்தார். கண்டனம் வந்தது, 56 வரவில்லை.

அடுத்த ஆண்டே மறுபடியும். வெனிசுவேலாவைச் சேர்ந்த அலெக்ஸ் கப்ரேரா, செய்பு லயன்ஸ். 2002 அக்டோபர் 2 அன்று 55. மிச்சம் ஐந்து ஆட்டங்கள், அதில் ஹாக்ஸும் உண்டு. இந்தத் தடவை ஓ தன் பந்துவீச்சாளர்களிடம் நேராக மோதுங்கள் என்று சொன்னதாகச் செய்தி வந்தது. களத்தில் அப்படி நடக்கவில்லை. என் பார்வையில் இந்த முழுக் கதையிலும் கவனிக்க வேண்டிய கட்டம் இதுதான். மேலாளரே வேண்டாம் என்று சொன்ன பிறகும் வழக்கம் தன்பாட்டுக்கு நடக்கிறது. தலைவரின் பெயரைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள் தலைவரின் பேச்சையே கேட்பதில்லை. நம் ஊர் அரசியலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூன்று முறையும் மறுத்தவர்கள் ஓவின் அணியினர் என்றாலும், ரோட்ஸுக்கும் கப்ரேராவுக்கும் மற்ற அணிகளோடும் ஆட்டங்கள் இருந்தன. அங்கும் அவர்களால் அடிக்க முடியவில்லை. பதற்றமும் ஒரு பந்துவீச்சாளர்தான்.

இதற்கிடையில் ‘ஆசியச் சாதனை’ சத்தமில்லாமல் கடல் தாண்டிப் போய்விட்டது. 2003-இல் தென்கொரியாவின் சாம்சங் லயன்ஸில் ஆடிய லீ சியுங்-யோப் 56 அடித்தார். அந்தப் பருவத்தின் கடைசி நாட்களில் கொரிய ரசிகர்கள் பந்தைப் பிடிப்பதற்காகத் தும்பி பிடிக்கிற வலைகளைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். டைகர்ஸ் ரசிகர்களும் ஒன்றும் சளைத்தவர்கள் அல்ல. 1985-இல் அணி வென்ற மகிழ்ச்சியில், தாடி வைத்த பாஸ் மாதிரி இருக்கிறது என்று ஒரு கே.எஃப்.சி. கடையின் கர்னல் சாண்டர்ஸ் பொம்மையைத் தூக்கி ஒசாகாவின் தோதொன்போரி கால்வாயில் போட்டார்கள். பொம்மை 2009-இல்தான் வெளியே வந்தது. அணி அடுத்ததாக, இரு லீக் வெற்றியாளர்கள் மோதும் ஜப்பான் தொடரை வெல்ல 2023 வரை ஆனது. சாபம் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

பந்துக்கு வருவோம்.

2010 வரை ஜப்பானில் வெவ்வேறு நிறுவனங்களின் பந்துகளை அணிகள் தங்கள் விருப்பம்போல் வாங்கின. 2011-இல் எல்லாருக்கும் மிசுனோ நிறுவனத்தின் ஒரே பந்து என்று ஆக்கினார்கள். சர்வதேசப் போட்டிப் பந்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று உள்ளே இருக்கும் ரப்பரின் துள்ளலையும் குறைத்தார்கள். விளைவு பயங்கரம். 2010-இல் பன்னிரண்டு அணிகளும் சேர்ந்து அடித்த ஹோம் ரன்கள் 1,605. 2011-இல் 939. அதற்கடுத்த ஆண்டு 881. அந்த வறட்சியிலும் செய்பு லயன்ஸின் தகேயா நகமுரா 2011-இல் தனி ஆளாக 48 அடித்தார். அதே ஆண்டு சிபா லோட்டே மரீன்ஸ் அணி மொத்தமாக அடித்தது 46! ஒரு பருவத்தின் ஹோம் ரன் எண்ணிக்கையை அந்தக் காலத்தின் பந்தோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்றால், நகமுராவின் 48 பல 55-களைவிடப் பெரியது என்று வாதாடலாம். நான் வாதாடுவேன்.

2013-இல் பந்து திடீரென்று கொஞ்சம் நன்றாகப் பறக்க ஆரம்பித்தது. பந்துவீச்சாளர்கள் முணுமுணுத்தார்கள். பந்து மாறவே இல்லை என்று லீக் நிர்வாகம் சாதித்தது. ஜூன் மாதத்தில் உண்மை வெளியே வந்தது: சோதனைகளில் பந்துகளின் துள்ளல் விதி சொல்லும் குறைந்தபட்ச அளவுக்கும் கீழே இருந்ததால், யாருக்கும் சொல்லாமல் பந்தை மாற்றியிருக்கிறார்கள். தயாரித்த நிறுவனத்திடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஆணையர் ரியோசோ கதோ தனக்கு எதுவும் தெரியாது என்றார். அந்தப் பந்து ஒவ்வொன்றிலும் அச்சாகியிருந்தது அவருடைய கையெழுத்து. அந்த ஆண்டே பதவியை விட்டுப் போனார்.

அந்த ஆண்டில்தான் விளாடிமிர் பாலெண்டீன் வந்தார். அதாவது, யாகுல்ட் ஸ்வாலோஸில் 2011-இலிருந்தே இருந்தார். துள்ளாத பந்தின் இரண்டு ஆண்டுகளிலும் 31, 31 என்று அடித்து மத்திய லீகில் முதலிடம் பிடித்தவர். கரீபியக் கடலில் இருக்கும் குராசாவ் தீவுக்காரர், நெதர்லாந்து அணிக்காக உலகப் போட்டியில் ஆடிக் காயம்பட்டு, 2013 பருவத்தின் முதல் சில ஆட்டங்களைத் தவறவிட்டார். அப்புறம் ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 18 ஹோம் ரன்கள். ஒரு மாதத்தில் இத்தனை அடித்தவர் அதுவரை ஜப்பானில் யாரும் இல்லை.

செப்டம்பர் 11 அன்று 55-ஐத் தொட்டார். இங்கேதான் பழைய ஏற்பாடு உடைந்தது. பாஸ் 54-இல் இருந்தபோது மிச்சம் இரண்டு ஆட்டங்கள். ரோட்ஸுக்கும் கப்ரேராவுக்கும் ஐந்து ஐந்து. பாலெண்டீனுக்கோ ஏறத்தாழ இருபது. ஐந்து ஆட்டங்களில் ஒருவரை அடிக்கவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். மூன்று வாரங்களுக்கு எல்லா அணிகளும் சேர்ந்து ஒருவருக்கு வாக் கொடுத்துக்கொண்டே இருக்க முடியாது. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், லீகில் முன்னேற வேண்டிய அணிகளுக்கு அது கட்டுப்படியாகாது. காலமும் மாறியிருந்தது. ஓ அப்போது எந்த அணியின் மேலாளரும் இல்லை.

செப்டம்பர் 15, டோக்கியோவின் ஜிங்கு மைதானம். எதிரணி, பாஸின் பழைய அணியான ஹன்ஷின் டைகர்ஸ். இடதுகைப் பந்துவீச்சாளர் தைகி எனோகிதா நேராகவே வீசினார். முதல் முறை வந்தபோதே 56. அடுத்த முறை வந்தபோது 57, அதோடு லீயின் கொரிய எண்ணிக்கையும் போனது. பருவம் முடிந்தபோது 130 ஆட்டங்களில் 60. மத்திய லீகில் இரண்டாம் இடம் பிடித்த டோனி பிளாங்கோவுக்கு 41. ஸ்வாலோஸ் அந்த ஆண்டு கடைசி இடம். ஆனாலும் லீகின் சிறந்த வீரர் விருது பாலெண்டீனுக்குத்தான். கடைசி இடத்து அணிக்காரருக்கு அந்த விருதைக் கொடுப்பது வழக்கத்தில் இல்லாதது.

பந்தை மாற்றியதால் வந்த சாதனை என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த வாதம் முழுசாக நிற்காது. 2013-இல் மொத்த ஹோம் ரன்கள் 1,311. 2010-இன் 1,605-ஐவிட அது குறைவுதான். எல்லோருக்கும் அதே பந்துதான், அவருக்கு அடுத்தவர் 19 பின்னால் இருந்தார். ஜிங்கு சிறிய மைதானம் என்பது வேண்டுமானால் நியாயமான குறை. அங்கே ஓரக்கோடு வழியாக எல்லைச் சுவருக்கு 97.5 மீட்டர், ரோட்ஸும் கப்ரேராவும் ஆடிய ஒசாகா, செய்பு அரங்குகளில் 100 மீட்டர். ஆனால் ஓ ஆடிய கொராகுவெனில் அந்தத் தூரம் 90 மீட்டர்தான். மைதானத்தின் அளவை வைத்துச் சாதனையை அளக்க ஆரம்பித்தால் முதலில் அடிபடுவது 55.

அமெரிக்காவிலும் இதற்கு உறவினர்கள் உண்டு. 1961-இல் ரோஜர் மேரிஸ் 61 அடித்து பேப் ரூத்தின் 60-ஐத் தாண்டியபோது, ஆணையர் ஃபோர்ட் ஃபிரிக், ரூத் 1927-இல் ஆடிய பருவத்துக்கு 154 ஆட்டங்கள், இப்போது 162, ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்றார். 2001-இல் பாரி பாண்ட்ஸ் 73 அடித்த ஆண்டில் அவருக்குக் கிடைத்த வாக் 177. அங்கே தவிர்த்தது ஆட்டத்தை வெல்வதற்காக. பாண்ட்ஸ் விஷயத்தில் வேறு சந்தேகங்கள் ஊக்கமருந்தைச் சுற்றி. ஒவ்வொரு ஊரிலும் பெரிய எண் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு ‘ஆனால்’ ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

பாலெண்டீனுக்குப் பிறகும் ஒரு வகைப் பட்டியல் மிச்சம் இருந்தது: ஜப்பானில் பிறந்தவர்களில் அதிகம் அடித்தவர். ஓ டோக்கியோவில் பிறந்தவர், ஆகவே அந்தப் பட்டியலின் உச்சியில் 55 இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தது. குடியுரிமையை விட்டுவிட்டுப் பிறந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஓவை ஒரு காலத்தில் ஆடவிடாமல் செய்ததும் எல்லைக்கோடுதான், இப்போது அவரைக் காப்பாற்றியதும் எல்லைக்கோடுதான்.

2022-இல் யாகுல்ட் ஸ்வாலோஸின் முனெதகா முராகாமி, 22 வயது. ஜூலை 31 தொடங்கி ஆகஸ்ட் 2-க்குள் ஐந்து முறை தொடர்ந்து மட்டை பிடித்து ஐந்தும் ஹோம் ரன். செப்டம்பர் 13 அன்று ஜயண்ட்ஸுக்கு எதிராக 54, 55 இரண்டும் ஒரே ஆட்டத்தில். ஓவின் பழைய அணிதான், ஆனால் யாரும் ஓடி ஒளியவில்லை. இனி எத்தனை அடிப்பார், 60-ஐயும் தாண்டுவாரா என்று எல்லோரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டை ஊமையாகிவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஏறக்குறைய மூன்று வாரம், அறுபது முறை மட்டை பிடித்தும் ஒன்றுகூட இல்லை.

கடைசி ஆட்டம் அக்டோபர் 3, ஜிங்குவில், யோகோஹாமா டிஎன்ஏ பேஸ்டார்ஸுக்கு எதிராக. ஏழாவது இன்னிங்ஸில், பருவத்தின் கடைசி வாய்ப்பில், தைசேய் இரியேவின் பந்தை வலது பக்கக் கூட்டத்துக்குள் அனுப்பினார். 56. அதோடு சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் முதலிடம். ஜப்பானில் இந்த மும்மகுடம் வென்றவர்களில் மிக இளையவர். மறுநாள் டெக்சாஸில் ஆரன் ஜட்ஜ் 62-ஆவதை அடித்து, அமெரிக்காவின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் மேரிஸின் 61-ஐத் தாண்டினார். இரண்டு நாடுகளில் மொத்தம் 119 ஆண்டுகள் பழைய எண்கள், இரண்டு நாளில் போயின.

2018-இலிருந்து ஜப்பானில் வேண்டுமென்றே வாக் கொடுக்க நான்கு பந்துகளை வீச வேண்டியதில்லை. மேலாளர் நடுவரிடம் கையைக் காட்டினால் போதும். அப்படிக் கையைக் காட்டிவிட்டால், பாஸ் அன்று எட்டித் தட்டிய மாதிரி ஒரு சிங்கிள் நடக்கவே நடக்காது. 1999-இல் டைகர்ஸின் த்சுயோஷி ஷின்ஜோ, ஜயண்ட்ஸ் வேண்டுமென்று வெளியே வீசிய பந்தை எட்டியடித்து ஆட்டத்தையே முடித்துவைத்தார். மேலாளர் கையைக் காட்டிவிட்டால் அதுவும் கிடையாது. விலக்குவது இன்று இன்னும் சுலபம்.

ஆனால் அதற்குத் தேவை குறைந்துவிட்டது. ஜப்பானில் இப்போது பந்துவீச்சாளர்களின் காலம். 2023-இல் பசிபிக் லீகின் ஹோம் ரன் பட்டத்தை கென்சுகே கோந்தோ, ஹிதேதோ அசமுரா, கிரெகரி பொலாங்கோ என்று மூன்று பேர் பங்குபோட்டுக்கொண்டார்கள், ஆளுக்கு வெறும் 26. 1951-இல் பந்தின் துள்ளலை அடக்கியபோது அதே லீகில் முதலிடம் பிடித்தவருக்கும் 26-தான். 2024-இல் மத்திய லீகில் முதலிடம் முராகாமிக்கு, 33. பசிபிக் லீகில் ஹோதகா யமகாவாவுக்கு, 34. இந்த எண்களோடு பருவத்தின் கடைசி வாரத்தில் நிற்கிற ஒருவரைக் கண்டு 55-க்காகப் பயப்படுவதற்கு யாரும் இல்லை.